இனிப்பு ஃபிரெஞ்ச் டோஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிப்படை அளவு என்ன?

கடையில் கிடைக்கும் சாதாரண சாண்ட்விச் பிரெட் 6 துண்டுக்கு முட்டை 2, காய்ச்சி ஆறவைத்த பால் 120 மி.லி., சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன் போதும். ஏலக்காய் பிடிக்காதவர்கள் வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூனோ பட்டைத் தூள் கால் டீஸ்பூனோ சேர்க்கலாம். சுடுவதற்கு நெய் அல்லது வெண்ணெய் 3 டீஸ்பூன். இரண்டு பேர் வயிறார, மூன்று பேர் அளவாகச் சாப்பிடலாம்.

உப்பைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் இனிப்பு தட்டையாக இருக்கும், முட்டை வாடையும் தூக்கலாகத் தெரியும். உப்பு சேர்த்த வெண்ணெயில் சுடுவதானால் கலவையில் ஒரு சிட்டிகை போதும்.

செய்முறையைச் சொல்லுங்கள்.

முதலில் முட்டை, சர்க்கரை, உப்பு, ஏலக்காய்த் தூள் இவற்றை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டு முள்கரண்டியால் நன்றாக அடியுங்கள். வெள்ளைக்கரு நூல் நூலாகத் தெரியாமல் ஒன்றாகக் கலந்த பிறகு பாலை ஊற்றிக் கலக்குங்கள். வரிசையை மாற்றி, பாலில் நேராகப் பொடியைத் தூவினால் அது மேலே மிதக்கும். முதல் துண்டே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், கடைசித் துண்டுக்கு வாசனையே இருக்காது. பட்டைத் தூளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பால் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும், ஆறியே இருக்க வேண்டும்.

கலவையை விளிம்புள்ள அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஆழமான கிண்ணத்தில் பிரெட்டை மடக்கி முக்கினால் நனைந்த துண்டு நடுவில் கிழியும்.

கல்லை மிதமான தீயில் 2 முதல் 3 நிமிடம் காயவிட்டு, தீயைக் குறைத்து, ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். பிரெட்டை ஒரு பக்கம் 10 விநாடி, மறுபக்கம் 10 விநாடி நனைத்துத் தூக்கி, சொட்டுவது நின்றதும் கல்லில் போடுங்கள். இரண்டரை நிமிடம் தொடவே வேண்டாம். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பி இன்னொரு இரண்டு நிமிடம். மூன்று துண்டு கொள்ளும் கல்லாக இருந்தால் பிரெட்டை நனைப்பதிலிருந்து தட்டில் வைப்பது வரை மொத்தம் 12 நிமிடம் ஆகும்.

எந்த பிரெட் நன்றாக வரும்?

நேற்றைய பிரெட். வகையை விட வயதுதான் இங்கே முக்கியம். அன்று வாங்கிய பிரெட் பஞ்சாக இருக்கும், கலவையில் பட்டதும் குழைந்துவிடும். ஒரு நாள் போனால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, பிரெட் தன் வடிவத்தை விடாமல் கலவையைக் குடிக்கும். பிரெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகிறது என்று குறை சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இந்தப் பலகாரத்துக்கு அது நல்லதாகவே முடிகிறது.

புது பிரெட்தான் கையில் இருக்கிறது என்றால், நெய் விடாமல் வெறும் கல்லில் சிறுதீயில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் வாட்டி, ஆறவிட்டு நனையுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை, மேல் ஈரம் போனால் போதும். ஓவன் இருந்தால் 150 டிகிரி செல்சியஸில் 8 நிமிடம்.

பேக்கரியில் முழு ரொட்டியாக வாங்கி வீட்டில் 2 செ.மீ. தடிமனில் வெட்டிச் செய்தால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே கஸ்டர்டு போன்ற மென்மையும் தனித்தனியாகத் தெரியும். மெல்லிய சாண்ட்விச் துண்டில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நேரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தடித்த பிரெட், பள்ளிக்கூட நாளுக்குச் சாண்ட்விச் பிரெட் என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த துண்டு மூன்றுக்கே மேலே சொன்ன கலவை சரியாக இருக்கும்.

ரஸ்க் வேண்டாம், கூழாகிவிடும். பன், பாவ் இரண்டையும் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தை மட்டும் அதிகம் நனைத்துச் சுடலாம்.

கோதுமை பிரெட்டில் செய்யலாமா?

செய்யலாம். அது கலவையை மெதுவாக இழுக்கும், ஒரு பக்கத்துக்கு 20 விநாடி கொடுங்கள். ஆனால் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழுப்பு நிற பிரெட் எல்லாமே முழுக் கோதுமை அல்ல; கேரமல் நிறம் சேர்த்த மைதாவாகவும் இருக்கலாம். பாக்கெட்டின் பின்னால் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அதில் முதலில் நிற்பது கோதுமை மாவா மைதாவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியே சிவந்துவிடுகிறது, உள்ளே சொதசொதவென்று இருக்கிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காரணம் மூன்று. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் சேர்ந்தே வரும்.

முதலாவது, தீ. நடுவில் இருக்கும் முட்டைக் கலவை இறுக 75 முதல் 80 டிகிரி சூடு வேண்டும். கல்லோ அதைவிட மிக அதிகச் சூட்டில் நிற்கும். அந்தச் சூடு பிரெட்டின் நடுவுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும்; தீ அதிகமானால் அதற்குள் மேல்தோல் கருகிவிடும். அதனால்தான் சிறுதீ. அவசரத்துக்குத் தீயைக் கூட்டினால் நேரம் மிச்சமாகாது.

இரண்டாவது, பாலின் அளவு. ஒரு முட்டைக்கு 60 மி.லி. வரை பால் போகலாம். 100 மி.லி. ஊற்றினால் இறுக்கிப் பிடிக்கப் போதுமான முட்டை இருக்காது. எவ்வளவு நேரம் சுட்டாலும் நடுவில் ஈர பிரெட்தான் இருக்கும்.

மூன்றாவது, ஊறவைத்த நேரம். மெல்லிய துண்டை ஒரு நிமிடம் ஊறவிட்டால் தேவைக்கு மேல் குடித்துவிடும். தடித்த, காய்ந்த துண்டுக்கு அந்த ஒரு நிமிடமும் குறைவாக இருக்கலாம்.

வெந்துவிட்டதா என்று பார்க்க, துண்டின் நடுவில் விரலால் லேசாக அழுத்துங்கள். அழுந்தி மெல்ல மேலே எழும்பினால் வெந்தது. அழுத்திய இடத்தில் ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். தடித்த துண்டுகளை இரண்டு பக்கமும் சிவந்தபின் ஒன்றரை நிமிடம் மூடிபோட்டு வைத்து, பிறகு மூடியை எடுத்து அரை நிமிடம் சுடுங்கள். மூடியபோது வந்த ஆவியால் நமத்த மேல்தோல் அந்த அரை நிமிடத்தில் மறுபடி மொறுமொறுப்பாகும்.

முட்டை வாடை அடிக்கிறது. எப்படிப் போக்குவது?

வாடையின் பெரும் பங்கு வெள்ளைக்கருவிலிருந்து வருகிறது. அதில் கந்தகம் கலந்த புரதங்கள் உண்டு; அளவுக்கு மேல் சூடுபடுத்தினால் அவை பிரிந்து அந்த வாசம் எழும். ஆக, முதல் மருந்து அதிகம் வேகவிடாமல் இருப்பதுதான். அடித்த கலவையை ஒரு வடிகட்டியில் ஊற்றி எடுத்தால் கலங்காத வெள்ளைக்கருத் துணுக்குகளும் மஞ்சள் கருவை ஒட்டிய வெண்ணிறக் கொடியும் நின்றுவிடும். டோஸ்டின் மேல் ஆம்லெட் துண்டு மாதிரி வெள்ளைத் திட்டுகள் ஒட்டுவதும் இதோடு நிற்கும்.

வாடைக்கு மிகவும் கூச்சப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால், 2 முழு முட்டைக்குப் பதில் 1 முழு முட்டையும் 2 மஞ்சள் கருவும் போடுங்கள். மிச்சமாகும் வெள்ளைக்கரு மதியம் பொரியலுக்கு ஆகும். வெனிலாவை அள்ளி ஊற்றி வாடையை மறைக்கப் பார்ப்பது பலனில்லை. அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் கசப்பு தட்டும்.

நெய்யா, வெண்ணெயா, எண்ணெயா?

ருசிக்கு வெண்ணெய், நிம்மதிக்கு நெய். வெண்ணெயில் இருக்கும் பால் புரதம் 150 டிகிரிக்கு மேல் சிவந்து சீக்கிரமே கருகும். முதல் ஈட்டுக்கு அது நல்ல மணம் தரும், இரண்டாம் ஈட்டில் கரும்புள்ளியாக ஒட்டும். எண்ணெய் கலந்தால் வெண்ணெய் கருகாது என்பது பரவலான நம்பிக்கை. கருகுவது அந்தப் புரதம். எண்ணெய் ஊற்றியதால் அது எங்கும் போய்விடாது. நெய்யில் புரதத்தை ஏற்கனவே காய்ச்சி வடித்துவிட்டதால் தொல்லை இல்லை. நெய்யில் சுட்டு, இறக்கும் முன் கால் டீஸ்பூன் வெண்ணெயை மேலே தடவினால் இரண்டும் கிடைக்கும்.

எதில் சுட்டாலும் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் கல்லை ஒரு மடித்த துணியாலோ டிஷ்யூவாலோ துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். சொட்டிக் கருகிய முட்டையும் சர்க்கரையும் அடுத்த துண்டில் ஒட்டும்.

இரும்பு தோசைக்கல்லில் செய்யலாமா?

நன்றாகவே வரும், சூட்டை ஏற்றத்தாழ்வில்லாமல் பிடித்து வைக்கும். ஆனால் தோசைக்குக் காயவைக்கும் அளவுக்குக் காயக் கூடாது. தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று உடனே மறையும் சூடு இதற்கு அதிகம். சிறு துளி வெண்ணெயை வைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் நுரைத்து உருகினால் சரி. வைத்தவுடன் பழுப்பானால் கல்லை அடுப்பிலிருந்து அரை நிமிடம் இறக்கி வையுங்கள்.

சர்க்கரையும் முட்டையும் பட்ட கல்லில் மறுநாள் தோசை ஒட்டும். முட்டைக்கென்று தனிக் கல் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரே கல்தான் என்றால், சூடு இருக்கும்போதே வெந்நீர் ஊற்றிச் சிறுதீயில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள், பிறகு துடைத்து எண்ணெய் தடவுங்கள். கரண்டியால் சுரண்டினால் பழகிய மேற்பரப்பு போய்விடும். அவசரக் காலையில் நான்ஸ்டிக்கே சௌகரியம்.

மேலே மொறுமொறுப்பான சர்க்கரைத் தோல் வேண்டும். கலவையில் சர்க்கரையைக் கூட்டலாமா?

கூடாது. கலவையில் கூடும் சர்க்கரை, நடு வேகும் முன்பே அடியைக் கருக்கும். அதற்குப் பதில், ஒரு பக்கம் சுட்டு முடியும் நேரத்தில் மேல்பக்கத்தில் அரை டீஸ்பூன் சர்க்கரையைப் பரவலாகத் தூவித் திருப்புங்கள். அது கல்லில் உருகி, 160 டிகிரிக்கு மேல் பழுப்பாகி, ஆறும்போது கண்ணாடித் தாளாக இறுகும். திருப்பிய பிறகு ஒன்றரை நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். இந்த இடத்தில் நொடிகளில் கருகிவிடும். எடுத்ததும் சர்க்கரைப் பக்கம் மேலே பார்க்கத் தட்டில் வையுங்கள். ஒரு நிமிடம் ஆறியபிறகுதான் மொறுமொறுப்பு வரும். உடனே கடித்தால் நாக்கு வெந்துபோகும், குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி சேர்க்கலாமா?

நாட்டுச் சர்க்கரையை அதே அளவில் போடலாம், டோஸ்ட் சற்றுக் கருநிறமாக வரும். வெல்லத்தைச் சூடான பாலில் போட்டால் பால் திரியக் கூடும். பாலும் வெல்லக் கரைசலும் ஆறியபிறகே கலக்க வேண்டும்.

கருப்பட்டியைக் கலவைக்குள் போடுவதை விடப் பாகாக்கி மேலே ஊற்றுவது நல்லது. 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 60 மி.லி. தண்ணீரில் கரையவிட்டு, கட்டாயம் வடிகட்டுங்கள். அடியில் மண் இருக்கும். வடித்ததை மறுபடி அடுப்பில் வைத்து, கரண்டியின் பின்புறத்தில் தடவி விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் பதத்தில் இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் கெட்டியாகி ஊற்ற வராது. இதோடு இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் ஊற்றினால், எங்கிருந்தோ வந்த மேப்பிள் சிரப்பைத் தேடவே தோன்றாது. கடையில் ‘மேப்பிள் சுவை’ என்று எழுதி மலிவாக விற்பது பெரும்பாலும் வாசனை சேர்த்த சர்க்கரைப் பாகுதான்.

தேன் ஊற்றுவதானால் பரிமாறும்போது ஊற்றுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகளைச் சமாளிக்க அந்த வயதுக் குடல் தயாராகியிருக்காது.

முட்டை இல்லாமல் முடியுமா?

முடியும். பழைய ரோமானியச் சமையல் குறிப்பு ஒன்றில், ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றச் சொல்லியிருக்கிறது. முட்டையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நம் அடுப்படிக்கு எளிதானது கஸ்டர்டு பவுடர். ஆறிய பால் 200 மி.லி., கஸ்டர்டு பவுடர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பவுடரில் பெரும்பகுதி சோள மாவு. நின்றால் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு துண்டை நனைக்கும் முன்னும் ஒரு கலக்குக் கலக்காவிட்டால் முதல் துண்டு வெறும் பாலிலும் கடைசித் துண்டு மாவுக் குழம்பிலும் நனையும். சோள மாவு வேக முட்டையை விடக் கூடுதல் சூடு வேண்டும், அதனால் ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிடமாவது சிறுதீயில் கொடுங்கள். இல்லையென்றால் பச்சை மாவு ருசி அடிக்கும்.

நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை 150 மி.லி. பாலோடு மிக்ஸியில் அடித்தும் செய்யலாம். ருசி உண்டு. ஆனால் கல்லில் ஒட்டும், சீக்கிரம் கருகும். நான்ஸ்டிக் இல்லாமல் முயல வேண்டாம்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால்?

முதல் பால் 120 மி.லி. அப்படியே மாற்றிப் போடலாம். கொழுப்பு அதிகம் என்பதால் கல்லில் நெய்யைப் பாதியாகக் குறையுங்கள். பாக்கெட் பாலைப் பொறுத்தவரை 3 சதவீதக் கொழுப்புள்ள பாலும் போதும், 6 சதவீதப் பாலில் நடுப்பகுதி இன்னும் மெத்தென்று இருக்கும்.

பாம்பே டோஸ்ட் என்பதும் இதுதானா? வேறு ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் இதையேதான் அப்படிச் சொல்கிறார்கள். சில இடங்களில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட கார வகைக்கும் அந்தப் பெயர் உண்டு.

ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் செய்யும் டொர்ரிஹாஸில் வரிசையே வேறு: தடித்த ரொட்டியை முதலில் பட்டை, எலுமிச்சைத் தோல் போட்டுக் காய்ச்சிய பாலில் ஊறவைத்து, பிறகு தனியே அடித்த முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரிப்பார்கள். முட்டை வெளியே மட்டும் உறையாக நிற்பதால் உள்ளே பால்கோவா போலக் குழைவாக இருக்கும். ஹாங்காங்கின் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் வைத்து, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் முழுக்கப் பொரித்து, மேலே ஒரு கட்டி வெண்ணெயும் சர்க்கரைப் பாகோ கண்டென்ஸ்டு மில்க்கோ வைத்துத் தருவார்கள். காலை உணவாக அதைத் தினமும் சாப்பிடச் சொல்ல மாட்டோம்.

உள்ளே எதையாவது வைத்துச் செய்யலாமா?

வாழைப்பழ வில்லைகளும் வேர்க்கடலை வெண்ணெயும் நன்றாக நிற்கும். ஓரத்தில் 1 செ.மீ. விட்டுத் தடவி, இன்னொரு துண்டால் மூடி, விளிம்பை அழுத்தி, பிறகு நனையுங்கள். ஜாம் மட்டும் வேண்டாம். சூட்டில் இளகி வெளியே ஓடிக் கல்லில் கருகும்.

முந்தின இரவே ஊறவைத்துவிடலாமா?

சாண்ட்விச் பிரெட்டை ஊறவைத்தால் காலையில் கையில் வராது. கலவையை மட்டும் இரவே அடித்து மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம், காலையில் ஒரு முறை கலக்கினால் போதும். இரவு முழுக்க ஊறுவது 2 செ.மீ.க்கு மேல் தடிமனான துண்டை ஓவனில் சுடும்போது மட்டும் பலிக்கும்: 180 டிகிரியில் 25 நிமிடம் அளவில்.

பிரெட் நனைத்த மிச்சக் கலவையை எடுத்து வைக்காதீர்கள். பச்சை முட்டை கலந்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கோடை வெயிலில் ஒரு மணி நேரம்கூட அதிகம். அதே கல்லில் ஊற்றிக் கிளறிக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம்.

ஓரத்தில் பூஞ்சை பிடித்த பிரெட்டை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாமா?

வேண்டாம், பாக்கெட்டையே எறியுங்கள். பிரெட் நுண்துளைகள் நிறைந்தது, பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். காய்ந்துபோன பிரெட் வேறு, கெட்டுப்போன பிரெட் வேறு.

டிபன் பாக்ஸில் கொடுத்துவிடலாமா? மிஞ்சினால் என்ன செய்வது?

சூட்டோடு மூடினால் நமத்துவிடும். ஹாட் பாக்ஸில் அடுக்கி வைப்பதும் அப்படித்தான், கீழ்த்துண்டு ஈரத்துணியாகிவிடும். எல்லாரும் ஒன்றாக உட்காரும்வரை சூடாக வைக்க ஓவனை 100 டிகிரியில் வைத்துக் கம்பித்தட்டில் பரப்புங்கள். ஓவன் இல்லையென்றால் சாப்பிட உட்காரும்போதே சுடுங்கள். டிபனுக்கு, கம்பித்தட்டில் 10 நிமிடம் ஆறவிட்டு, விரலாக நறுக்கி, அடியில் டிஷ்யூ போட்டு அடுக்குங்கள். பாகு, தேன் தனிக் குப்பியில். மெல்லிய துண்டு காலை இடைவேளைவரை நன்றாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இதை அனுப்ப வேண்டாம்.

மிஞ்சியதை ஆறவைத்து மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஃபிரீசரில் வைப்பதானால் துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டால் ஒரு மாதம்வரை ஒட்டாமல் இருக்கும். திரும்பச் சூடாக்கக் கல்லில் நெய் விடாமல் சிறுதீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் தொளதொளவென்றும் ஆறியதும் ரப்பராகவும் ஆகும்.